ஈப்போ தூய யோவான் ஆலயமும் தோட்டத் தமிழர் வரலாறும்

பேராக் மாநிலத் தமிழர் வரலாற்றை எழுத முற்படுவோர் கோயில்களையும் தமிழ்ப்பள்ளிகளையும் பழைய இதழ்களையும் நாடுவர். அச்சான்றுகளோடு சேர்த்து எண்ணத்தக்கவை ஆங்கிலிக்கன் திருச்சபையின் பழைய ஆலயங்கள். அங்குப் பேணப்படும் பதிவேட்டு மரபு, சமய வேறுபாடின்றித் தமிழ் ஆய்வாளர் அனைவர்க்கும் பயன்படும் என்பதை ஈப்போத் தூய யோவான் ஆலயத்தை முன்வைத்து இவ்வுரையில் காண்போம்.

பேராக்கில் ஆங்கிலிக்கன் வழிபாட்டின் தொன்மையான அடையாளம் தைப்பிங் நகரின் சகல பரிசுத்தவான்கள் ஆலயம். மரத்தால் அமைந்த அது 1886ஆம் ஆண்டில் எழுந்தது. தைப்பிங் அன்று ஆட்சித் தலைநகர். பின்னர்க் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயம் ஈப்போவை வளர்த்தது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளுள் ஒன்பது, பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த முப்பது ஆண்டுகளில் பால்மரக் காடுகள் மாநிலமெங்கும் பரவின; அவற்றின் பின்னே தமிழ்நாட்டுத் தொழிலாளரும் வந்தனர்.

1909ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தனி மறைமாவட்டமாயிற்று. அதன் முதல் பேராயர் பெர்கூசன் டேவி 1912ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் தூய யோவான் ஆலயத்தை அர்ப்பணித்தார். செங்கல்லால் எழுந்த இவ்வாலயம் அக்காலத்து மலாயாவில் மிகப் பெரியதெனக் கருதப்பட்டது. ஈயச் சுரங்கத்தாரும் தோட்டத் துரைமாரும் அரசு அலுவலரும் இருந்த நகரத்தின் செல்வநிலையை அதன் அளவே காட்டும். ஜப்பானியர் ஆட்சியில் அது மீ செய்யும் தொழிற்கூடமாயிற்று. போருக்குப் பின் மீண்டும் வழிபாட்டிடமாயிற்று.

இவ்வரலாற்றில் தமிழர்க்குரிய இடம் யாது? திருநெல்வேலிச் சீமையில் எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். ஆகிய ஆங்கிலிக்கன் சங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல சபைகளை நிறுவியிருந்தன. யாழ்ப்பாணத்திலும் சி.எம்.எஸ். பணியாற்றியது. இவ்விரு நிலங்களிலிருந்தும் வந்தோருள் சிலர் தம் தமிழ் வேதாகமத்தையும் தமிழ் ஜெபப் புத்தகத்தையும் உடன் கொணர்ந்தனர். தோட்டத் தமிழருள் பெரும்பான்மையோர் இந்துக்கள். கிறித்தவருள்ளும் கத்தோலிக்கரே மிகுதி. எண்ணிக்கையில் சிறிய இச்சபையாரைத் தேடி நகரத்துக் குருமார் தோட்டங்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது.

இங்கேதான் பதிவேட்டின் சிறப்பு விளங்கும். தோட்டத்தில் காலைப் பெரட்டில் தொழிலாளியின் பெயர் கூப்பிடப்பட்டது, அன்றைய கூலியைக் கணக்கிடுவதற்காக. கிராணியின் ஏட்டில் அவர் ஒரு நாளுழைப்பு மட்டுமே. ஆங்கிலிக்கன் ஞானஸ்நானப் பதிவேடோ வேறு நோக்கில் அமைந்தது. 1812ஆம் ஆண்டில் இங்கிலாந்துச் சட்டம் வகுத்த படிவம் குழந்தையின் பெயர், பெற்றோர் இருவரின் பெயர், வாழுமிடம், தந்தையின் தொழில், சடங்கை நடத்திய குருவின் பெயர் ஆகியவற்றைக் கேட்கிறது. அம்முறையில் எழுதப்பட்ட ஒரு வரியில் தாயின் பெயர் நிலைபெறுகிறது; தோட்டத்தின் பெயரும் நிலைபெறுகிறது. தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் எவ்வாறு திரிந்தது, ஊர்ப்பெயரும் விவிலியப் பெயரும் எவ்வாறு இணைந்தன என்பன மொழி ஆய்வுக்கும் உரியவை.

விடுதலைக்கு முன்னும் பின்னும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. எஞ்சிய பலவற்றில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் இடிந்தபோது ஊர்ப்பெயர்களும் மறைந்தன. திருச்சபையிலும் மாற்றம் நேர்ந்தது. 1970ஆம் ஆண்டில் மேற்கு மலேசியா தனி மறைமாவட்டமாயிற்று. 1973 முதல் 1994 வரை அதன் பேராயராகத் தமிழரான ஜான் சவரிமுத்து விளங்கினார். துரைமார் அமர்ந்த இருக்கைகளுக்கு உள்நாட்டு மக்கள் உரியவராயினர்.

பிறப்பை மெய்ப்பிக்க ஆவணமின்றி அலையும் தோட்டத்து வழித்தோன்றல்கள் இன்றும் உளர். ஞானஸ்நானக் குறிப்பு அரசுப் பிறப்புச் சான்றுக்கு ஈடாகாது. ஆயினும் பாட்டியின் பெயரையும் அவர் வாழ்ந்த தோட்டத்தையும் அறிய அது முதற்படியாகலாம். ஈரமும் கறையானும் தாளை விட்டுவைப்பதில்லை. ஆதலின் மொழி அமைப்புகளும் ஆலய நிருவாகத்தாரும் கூடி, குடும்பங்களின் தனியுரிமைக்கு ஊறு நேராவண்ணம், பழைய ஏடுகளைப் படியெடுத்துத் தோட்டப் பெயர் அகரவரிசை ஒன்றைத் தொகுக்க வேண்டும். அப்பெயர்களைத் தமிழர் வாய்வழக்கில் எவ்வாறு அழைத்தனர் எனச் சொல்லவல்ல முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.