டிரெட்நாட் கப்பலும் திர்பிட்ஸின் கணக்கும்

1906 பிப்ரவரியில் பிரிட்டன் 'டிரெட்நாட்' என்னும் போர்க்கப்பலை நீரில் இறக்கியது. அதில் 12 அங்குலப் பீரங்கிகள் பத்து இருந்தன. பிஸ்டன் எஞ்சினுக்குப் பதிலாக நீராவி டர்பைன் பொருத்தியதால் மணிக்கு 21 கடல் மைல் ஓடியது. அதற்கு முன் கட்டிய போர்க்கப்பல்கள் யாவும் பழையனவாகிவிட்டன. அவற்றை மிகுதியாக வைத்திருந்த நாடு எது தெரியுமா? பிரிட்டனேதான்! புதிதாக எழுந்துவந்த ஜெர்மனிக்கு, பந்தயத்தை ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்கும் வாய்ப்புக் கிட்டியது.

ஜெர்மன் கடற்படைத் துறைத் தலைவர் திர்பிட்ஸ், 1898, 1900 ஆண்டுகளின் சட்டங்கள் வழியே பெரிய கடற்படைக்கு அடித்தளம் இட்டிருந்தார். பிரிட்டனுக்குச் சமமாக வேண்டியதில்லை. மோதினால் பெருஞ்சேதம் என்று அது அஞ்சினால் போதும், தானே இறங்கிவரும் என்பது அவர் கணக்கு.

நடந்ததோ வேறு. பிரிட்டன் 1904இல் பிரான்சுடனும் 1907இல் ரஷ்யாவுடனும் பழைய பிணக்குகளைத் தீர்த்துக்கொண்டது. தொலைக் கடல்களில் நின்ற கப்பல்களைத் தாய்நாட்டருகே வரவழைத்தது. ஜெர்மனிக்குச் செலவும் கூடிற்று. புதிய கப்பல்கள் நுழைய முடியாததால் கீல் கால்வாயையே அகலப்படுத்த நேர்ந்தது. அவ்வேலை முடிந்தது 1914 ஜூனில்!

இடையில், 1912இல், பிரிட்டிஷ் அமைச்சர் ஹால்டேன் சமரசம் பேச பெர்லின் சென்றார். போர் மூண்டால் பிரிட்டன் நடுநிலை வகிக்க வேண்டும் என்று ஜெர்மனி கேட்டது. பிரிட்டன் இணங்கவில்லை. பேச்சு முறிந்தது.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. ஜெர்மன் கரையை ஒட்டி வந்து முற்றுகையிடுவார்கள், அப்போது தாக்கலாம் என்று திர்பிட்ஸ் காத்திருந்தார். பிரிட்டிஷ் கப்பல்கள் கிட்டே வரவேயில்லை. வடகடலின் இரு வாயில்களையும் தொலைவிலிருந்தே அடைத்துவிட்டன.