கடுகு டப்பா சொல்லிக்கொடுத்த சரித்திரம்



எல்லோரும் பொங்கலை நல்லபடியாகக் கொண்டாடியிருப்பீர்கள். இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாத ஆசாமி என்று என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள்.

இந்த வருடம் போகிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுச் சமையலறையைச் சுத்தம் செய்தது நான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. நவம்பரில் என் வீட்டம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. தரையில் உட்காரக் கூடாது, ஸ்டூல் மேல் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கரண்டி என் கைக்கு வந்தது.

முதல் நாள் ரசம் வைத்தேன். சீரகம் என்று நினைத்துப் போட்டது ஓமம். எங்கள் வீட்டில் சீரகம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும். காபித்தூள் டப்பாவில் கடலைப்பருப்பு இருக்கும். பிஸ்கட் டின்னைத் திறந்தால் சுண்டைக்காய் வற்றல். எதிலும் பெயர் கிடையாது. அவருக்கு எழுத்து தேவைப்படவில்லை, கையே போய் எடுத்துவிடும். எனக்கு? ஒரு நாள் காலை நோட்டில் கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். சமையல் முடிவதற்குள் "அது எங்கே இருக்கு, இது எங்கே இருக்கு" என்று 23 தடவை கேட்டிருக்கிறேன். வலியோடு படுத்திருந்தவர் 23 தடவையும் பதில் சொன்னார்.

அன்று ராத்திரி மகளோடு பேசும்போது இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்தில் வேலை பார்க்கிறாள். "அப்பா, இங்கே நூறு வருஷத்துக்கு முன்னாடியே சமையலறை இழுப்பறை ஒவ்வொன்றிலும் பேர் எழுதி வச்சிருக்காங்க" என்று சொல்லி, அங்குள்ள ஓர் அருங்காட்சியகத்தில் எடுத்த படத்தை அனுப்பினாள். பழைய சமூக அறிவியல் வாத்தியாருக்கு அது போதாதா? தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

சமையலறையில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து எழுதியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கேத்தரின் பீச்சர். அடிமை முறையை எதிர்த்து நாவல் எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் அக்கா. இருவரும் சேர்ந்து 1869-ல் வீட்டு நிர்வாகம் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அதில் கேத்தரின் உதாரணமாகக் காட்டியது நீராவிக் கப்பலின் சமையல் அறையை. இவ்வளவு சின்ன இடத்தில் இருநூறு பேருக்குச் சமைக்க முடிகிறது, ஓரிரண்டு அடி எடுத்து வைத்தால் எல்லாப் பொருளும் கைக்கு எட்டுகிறது, வீட்டில் மட்டும் பெண்கள் ஏன் நாள் முழுக்க நடக்க வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

அதற்குப் பிறகு கிறிஸ்டின் ஃபிரடெரிக் வந்தார். அப்போது தொழிற்சாலைகளில் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் நேரம் குறித்து அளக்கும் முறை பரவிக்கொண்டிருந்தது. அதையே அவர் தன் வீட்டில் செய்து பார்த்தார். அடுப்பிலிருந்து அலமாரிக்கு, அலமாரியிலிருந்து தொட்டிக்கு என்று நடக்கிற பாதையைப் படத்தில் கோடாக வரைந்தார். ஒழுங்கில்லாத சமையலறையில் கோடுகள் சிக்குப் பிடித்த நூல் மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடும். வேலையின் வரிசைப்படி பொருள்களை வைத்த சமையலறையில் கோடு ஒரே பக்கமாகப் போகும். 1912-ல் பத்திரிகைக் கட்டுரைகளாகவும் 1913-ல் புத்தகமாகவும் இது வந்தது. பிறகு ஜெர்மன் மொழிக்கும் போனது.

அதைப் படித்தவர்களில் ஒருவர் வியன்னாவில் பிறந்த மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி. பெண்கள் கட்டடக் கலைக்கு வருவதே அபூர்வமாக இருந்த காலத்தில் அதைப் படித்து வந்தவர். முதல் உலகப்போருக்குப் பிறகு ஃபிராங்க்ஃபர்ட்டில் வீட்டுப் பஞ்சம். தொழிலாளர் குடும்பங்களுக்காக நகராட்சி ஆயிரக்கணக்கில் வீடு கட்டியது. அந்த வேலைக்குத் தலைமை ஏற்ற எர்ன்ஸ்ட் மே என்பவர் 1926-ல் இவரை அழைத்துக்கொண்டார்.

அவர் வரைந்த சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் சமையலறையைப் பார்த்து யோசித்தது. ஜன்னல் ஓரம் காய் நறுக்கும் பலகை. உட்கார்ந்தே வேலை செய்ய ஒரு சுழல் நாற்காலி. அரிசி, சர்க்கரை, பருப்பு போன்றவற்றுக்கு அலுமினிய இழுப்பறைகள், முன்பக்கம் பெயர், அப்படியே சாய்த்துக் கொட்டுவதற்கு மூக்கு. மாவுக்கு மட்டும் ஓக் மரத்தில் செய்த இழுப்பறை, அந்த மரத்தில் இருந்தால் மாவில் புழு அண்டாது என்பதற்காக. இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் கட்டப்பட்டன. இன்றைக்கு நம் ஊரில் கடைக்காரர் "மாடுலர் கிச்சன்" என்று காட்டுவதற்கு இதுவே முன்னோடி.

இதைச் செய்தவர், அதை வடிவமைக்கும் வரை தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். பெண்ணுக்கு வீட்டு வேலை குறைந்தால்தான் வெளியே போய்ச் சம்பாதிக்கவும் படிக்கவும் நேரம் கிடைக்கும் என்பதே அவர் நோக்கம். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து ரகசியமாக வேலை செய்து, 1941-ல் பிடிபட்டு, போர் முடியும் வரை சிறையில் இருந்தார். 2000-ல், 103-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது காலமானார். சமையலறை இழுப்பறை செய்தவர் என்று மட்டும் அவரை நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் அந்தச் சமையலறையில் குறைகளும் இருந்தன. கீழே இருந்த இழுப்பறைகள் குழந்தைகள் கைக்கு எட்டின. முன்கூட்டியே எழுதி வைத்த பெயர்கள் எல்லாக் குடும்பத்துக்கும் ஒத்துவரவில்லை. இவற்றையெல்லாம் விடப் பெரியது ஒன்று. அந்த இடம் ஒருவர் நின்று வேலை செய்ய மட்டுமே போதும். இரண்டாவது ஆள் உள்ளே வந்து வெங்காயம் உரிக்கக்கூட முடியாது. நடை குறைந்தது, ஆனால் வேலை முழுவதும் ஒரே ஆள் தலையில் நின்றது. அந்த ஆள் கூடத்துப் பேச்சிலிருந்து தள்ளித் தனியாக நின்றார்.

இதைப் படித்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் சமையலறையில் நாலு பேர் நிற்க இடம் இருக்கிறது. ஆனால் எது எங்கே இருக்கிறது என்பது ஒரே ஒருவர் தலைக்குள்தான் இருந்தது. அப்படியென்றால் அதுவும் ஒருவருக்கான சமையலறைதானே?

என் அம்மா விறகு அடுப்பு முன்னால் குந்தி, ஊதாங்குழலால் ஊதிக் கண் சிவந்தவர். பிறகு கேஸ் வந்தது. கிரைண்டர் வந்தது, மிக்ஸி வந்தது. 2011-ல் அரசாங்கமே மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியை விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தது. கைவலி குறைந்தது, நல்ல விஷயம். ஆனால் "கடுகு எங்கே?" என்று கேட்கிற ஆண் அன்றும் கூடத்தில் இருந்தான், இன்றும் இருக்கிறான். இரண்டு மாதத்துக்கு முன்பு வரை அவன் நான்தான்.

சரி, சுத்தம் செய்த கதைக்கு வருகிறேன். அலமாரியிலும் பரணிலும் இருந்த எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தலைமை தாங்கினார். தட்டுகளில் விரித்திருந்த பழைய நியூஸ்பேப்பரை எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டேன். பருப்பு, ரவை எல்லாவற்றையும் வெயிலில் வைத்தேன். மூடி இல்லாத டப்பா 11, டப்பா இல்லாத மூடி 9. பரணில் அம்மாவின் ஊதாங்குழல் கிடைத்தது. அதைப் போகிக்குப் போடவில்லை, பழைய இரும்புக்காரருக்கும் கொடுக்கவில்லை. சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டேன்.

டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்ட ஆரம்பித்தபோது அவர் முகம் வாடிவிட்டது. "என் சமையல்கட்டுல எனக்கே எழுதிக் காட்டணுமா?" என்றார். நியாயமான கோபம். அந்த ஒழுங்கு எழுத்தில் இல்லாவிட்டாலும் அவர் உண்டாக்கிய ஒழுங்கு. "உனக்கு இல்லை, இது எனக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சீரகத்துக்குப் பக்கத்தில் ஓமத்தை வைக்காதீங்க என்றார். தினமும் எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள தட்டில், வாரம் ஒருமுறை எடுப்பது அதற்கு மேலே, கனமான அரிசி டின் குனியாமல் எடுக்கிற உயரத்தில். கிறிஸ்டின் ஃபிரடெரிக்கைப் படிக்காமலேயே அவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

என்னிடம் படித்த பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வகுப்பறையைக் கூட்ட நான் போட்ட முறைப் பட்டியலில் உங்கள் பெயர்கள் மட்டும்தான் இருந்தன. பையன்களை மைதானத்துக்கு அனுப்பினேன். அப்போது அது எனக்குத் தவறாகவே தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த ஆண் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம். இன்றைக்கே சமையலறைக்குப் போங்கள். யாரையும் கேட்காமல் கடுகு, வெந்தயம், பெருங்காயம், ஓமம் நான்கையும் எடுத்து மேடையில் வையுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று கீழே எழுதுங்கள். பொய் எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

வீட்டம்மா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். விசாரித்த எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். காலைச் சமையல் இன்னும் என்னுடையதுதான். நேற்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். உப்பு போதுமா என்று.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் சார்