கிடங்குப் பூனை

நான் வேலை பார்த்த நெல் கிடங்கில் ஒரு சாம்பல் பூனை இருந்தது. யாரும் கொண்டுவந்து விட்டதில்லை. மூட்டைகள் வந்தன, எலிகள் வந்தன, பின்னாலேயே அதுவும் வந்தது. அதற்குப் பால் வாங்கிய சில்லறைச் செலவைத் தணிக்கைக்கு வந்தவர் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போனார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பூனை மனிதனிடம் வந்த கதையும் ஏறத்தாழ இதேதான். பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மேற்காசியாவில் மக்கள் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கிவிட்டார்கள். எலி பெருகியது. காட்டுப்பூனைகளில் துணிச்சலானவை ஊர் ஓரமாக வந்து தங்கின. மாட்டைப் போல யாரும் அதைக் கட்டிப்போட்டுப் பழக்கவில்லை.

சைப்ரஸ் தீவில் சுமார் 9500 ஆண்டுப் பழமையான புதைகுழி ஒன்றைத் தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர்கள், மனித எலும்புக்கூட்டுக்கு 40 சென்டிமீட்டர் தள்ளி ஒரு பூனையின் முழு எலும்புக்கூட்டையும் கண்டார்கள். 2004இல் இது வெளியானது. பூனைக்கு எட்டு மாத வயதுதான் இருக்குமாம். அந்தத் தீவில் பூனையினமே இயற்கையாகக் கிடையாது. அப்படியானால் யாரோ படகில் ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டும்!

எகிப்தியர்கள் பூனையைப் பாஸ்டெட் தேவியோடு சேர்த்து வணங்கியது பலருக்கும் தெரியும். வீட்டுப் பூனை செத்தால் வீட்டார் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஆனால் பதப்படுத்திய பூனை உடல்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, பல குட்டிகளின் கழுத்து முறிக்கப்பட்டிருந்தது. கோயிலுக்கு வருபவர்கள் காணிக்கை செலுத்துவதற்காகவே வளர்த்துக் கொன்றிருக்கிறார்கள். பக்தி ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம்.

அதோடும் முடியவில்லை. 1890இல் அப்படிப்பட்ட உடல்கள் சுமார் 1,80,000, எடையில் 19 டன், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குக் கப்பலேறின. அங்கே ஏலம் விட்டு, அரைத்து வயலுக்கு உரமாகப் போட்டார்கள். தானியத்தைக் காத்த பிராணி!

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று கூப்பிட்டுக்கொள்வது அபூர்வம். குட்டி தாயைக் கூப்பிடும் குரல் அது. வளர்ந்த பிறகு அந்தக் குரலை மனிதர்களுக்கென்று வைத்துக்கொள்கிறது. எங்கள் கிடங்குப் பூனையும் நான் பூட்டுப் போடும் நேரம் பார்த்து வந்து கத்தும். தணிக்கைக்குப் பிறகு பால் என் கைக்காசுதான். எனக்கு மாற்றல் வந்தபோது, பால் விஷயத்தை அடுத்து வந்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.