சாம்பலில் பிறந்த சொல்

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியிலுள்ள கண்ணாடி ஆலையொன்றில் பணியாற்றும் நம் பழைய மாணவர், விடுமுறையில் நம்மைக் காண வந்தார். "ஹஜ்ரத், மணலுடன் நாங்கள் உலையிலிடும் வெள்ளைப் பொடிக்குச் 'சோடா ஆஷ்' என்று பெயர். ஆஷ் என்றால் சாம்பல்தானே? அதில் சாம்பலே இல்லையே!" என்றார். அவர் வினாவுக்கு விடை ஓர் அரபுச் சொல்லில் இருக்கின்றது.

'அல்-கிலீ' என்பது உவர்நிலச் செடிகளைச் சுட்டெடுத்த சாம்பல். வறுத்தல் என்னும் பொருளுடைய வினையடியினின்று பிறந்த சொல் இது. இலத்தீன் வழியே ஐரோப்பா சென்று 'ஆல்கலி' ஆயிற்று. அச்சாம்பலை நீரிற் கரைத்து, வடித்துக் காய்ச்சினால் எஞ்சும் உப்பு சலவைக்கும் சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்கும் பயன்பட்டது. ரய் நகரத்து மருத்துவமேதை அபூபக்கர் அர்-ராஸீ (கி.பி. 865–925) தம் 'கிதாபுல் அஸ்ரார்' என்னும் நூலில் பொருள்களை வகைப்படுத்தியபோது, இதனையும் உப்புக்களுள் ஒன்றாக வைத்தார்.

மணல் உருக ஏறத்தாழ 1700 பாகை வெப்பம் வேண்டும். இவ்வுப்பைச் சேர்த்தால் அதனினும் குறைந்த வெப்பத்திலேயே உருகும். சுண்ணாம்பும் சேர்ந்தால் கண்ணாடி நீரிற் கரையாது நிலைக்கும்.

இதனால், கண்ணாடியையே முஸ்லிம்கள்தாம் கண்டுபிடித்தனர் என்று மேடையில் முழங்குதல் தகாது. இஸ்லாத்திற்கு ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே இராக்கிலும் எகிப்திலும் செடிச்சாம்பலால் கண்ணாடி செய்தனர். முன்னோர் அறிவைப் பேணி, ஆய்ந்து, வகைசெய்து பின்னோர்க்கு அளித்ததே அரபு மொழியில் எழுதிய அறிஞரின் தொண்டு. உண்மையான அப்பெருமை நமக்குப் போதும்.

1791-இல் பிரெஞ்சு நாட்டு லெபிளாங்க் கடலுப்பிலிருந்தே சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1860-களில் பெல்ஜிய நாட்டு சால்வே அதனினும் எளிய வழி கண்டார். செடி எரிப்பது ஒழிந்தது. சாம்பல் என்னும் பெயர் மட்டும் நின்றது. 1807-இல் டேவி பிரித்தெடுத்த பொட்டாசியத்திற்குக் 'கலியம்' என்றும் பெயருண்டு. உரமூட்டையில் காணும் 'கே' என்னும் குறி அதன் முதலெழுத்தே. தூத்துக்குடியில் 1980-களில் எழுந்த சோடா ஆலையும் 'ஆல்கலி' என்பதைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது.

நம் பாடநூல்கள் ஆல்கலியை 'எரிகாரம்' என்கின்றன. அப்பளக்காரம் இட்டு மாவு பிசைந்த நம் வீட்டுப் பெண்டிர்க்கு இப்பொருள் புதிதன்று.

மாணவர் வியந்தார்: "மத்ரஸாவில் அரபு படித்தேன், ஆலையில் சோடா அள்ளுகிறேன். இரண்டும் ஒன்றையொன்று அறியும் என்று எண்ணவில்லை." பிழை அவருடையதன்று. ஓதுங்கல்வி வேறு, தொழிற்கல்வி வேறு என்று பிரித்துக் கற்பித்த நம்முடையதே.