புத்தகத்தில் யாருடைய பெயர்?

போன கிழமை பாடசாலை விட்டு நாங்கள் வெளிக்கிடும் நேரம், எங்களிடம் படிக்கும் பிள்ளையொன்றின் தகப்பன் கேற்றடியில் நின்றார். முரசுமோட்டையில் வயல் செய்கிற மனுசன். "சேர், ஒரு மோட்டச்சைக்கிள் பார்த்து வச்சிருக்கிறன். அட்வான்ஸ் குடுக்க முதல் ஒருக்கா புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோவன்" என்றார்.

பார்த்தோம். வண்டி நல்ல வண்டிதான். ஆனால் புத்தகத்தில் இருந்த பெயர் விற்கிறவருடையது இல்லை. அவருக்கு விற்றவருடையதும் இல்லை. அதற்கும் முன்னால் வைத்திருந்த ஒருவருடையது. அவர் கையொப்பம் மட்டும் வைத்த மாற்றப் படிவம் ஒன்று புத்தகத்துக்குள் மடித்துக் கிடந்தது. 'ஓப்பன் பேப்பர்' என்று நாங்கள் சொல்வது இதைத்தான். "எல்லாரும் இப்பிடித்தானே சேர் ஓடுறாங்கள்" என்றார் விற்க வந்தவர்.

அவர் சொன்னது பொய்யில்லை. வண்டி ஒருவர் கையிலும் பெயர் இன்னொருவர் பேரிலும் கிடப்பது வன்னியில் எப்படி வழக்கமானது? கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம்.

எங்கள் நாட்டின் வாகனப் பதிவு 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது அது. 1957இல் இலக்கத்தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' வந்தது. தமிழர் பகுதிகளில் அதை அழித்துத் தமிழில் எழுதினார்கள். 1958இல் அரச பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்குக்கு வந்தபோது போராட்டம் பெருத்தது. பிறகு வெறும் எண் தொடர் வந்தது, 2000இல் ஆங்கில எழுத்துத் தொடர் வந்தது. இப்போதைய மூன்றெழுத்துத் தொடரில் மோட்டார் சைக்கிளுக்கு முதலெழுத்து 'பி'. ஆகவே இலக்கத்தைப் பார்த்தாலே வண்டியின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம்.

1990இல் போர் மீண்டும் மூண்டது. பெற்றோலுக்குத் தடை. ஸ்ரார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல், ஓடுவதற்கு மண்ணெண்ணெய். அப்படி ஓடிய எஞ்சின்கள் விரைவாகத் தேய்ந்தன. ஒன்றின் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றில் பூட்டினார்கள். அதைப் பதியக் கொழும்புக்குப் போவது யாரால் முடிந்தது?

அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். எடுத்துப் போக விட்டது மிகக் கொஞ்சம். வாகனங்கள் இங்கேயே நின்றுவிட்டன. சிலருடைய புத்தகம் புத்தளத்தில் தகரப் பெட்டிக்குள் கிடந்தது, வண்டியை இங்கே வேறு யாரோ ஓடினார்கள்.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது, தெற்கிலிருந்து வண்டிகள் வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது, மாற்றாமல் விட்ட பெயர்கள் மாறாமலே நின்றன. 2009 தொடக்கத்தில் சனம் எங்கள் பாடசாலைப் பக்கத்துப் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால்தான் கிழக்கே போனது. எண்ணெய் முடிந்த இடத்தில் வண்டியை விட்டார்கள். முள்ளிவாய்க்காலில் மோட்டார் சைக்கிள்கள் குவியலாகக் கிடந்தன. பத்திரம் காட்ட முடிந்த சிலருக்கே பிறகு தங்கள் வண்டி கிடைத்தது. வண்டியோடு பத்திரத்தையும் தொலைத்தவர் எதைக் காட்டுவார்?

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு லீசிங் வந்தது. கட்டி முடியாத வண்டிகள் கைமாறின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரி வரை அது திறக்கவில்லை. பழைய வண்டிக்குப் புதியதின் விலையை விடக் கூடக் கொடுத்தோம். அந்த அவசரத்தில் புத்தகத்தை யார் பார்த்தார்?

2022 யூலையில்தான் பலருக்கு விளங்கியது. கியூ.ஆர். முறையில் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் எடுக்க வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், அடையாள அட்டை எல்லாம் கேட்டார்கள். பெயர் மாற்றாமல் ஓடியவர்கள் அன்று அலைந்தார்கள்.

அன்று பறிபோனது எங்கள் பிழையால் அல்ல. இன்று வீதி திறந்திருக்கிறது. இனியும் பெயரை மாற்றாமல் விட்டால் அது எங்கள் பிழைதான்.

அந்தத் தகப்பனுக்கு நாங்கள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம்.

சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் துணியால் துடைத்து, புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சேசிஸ் எண்ணில் ராவிய அடையாளம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். எஞ்சின் மாறியிருந்தால் அது புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கட்டி முடித்த கடிதமும் பெயர் நீக்கமும் இல்லாமல் காசு கொடுக்க வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள இணையத்தளத்தில் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புத்தகத்தில் பெயருள்ளவரை நேரில் பாருங்கள், அல்லது தொலைபேசியிலாவது பேசுங்கள். அவர் மௌத்தாகியிருந்தால் அந்தக் கையொப்பத்தை நம்பி வாங்க முடியாது. வாரிசுகள் வர வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். அந்த வண்டி நாளை ஒருவரை அடித்துவிட்டால் பொலிஸ் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான்.

"கேட்டால் சந்தேகப்படுறம் எண்டு நினைப்பினமே சேர்?" என்று தயங்கினார் அவர். குர்ஆனின் ஆக நீளமான வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான் என்றோம். எழுதி வைப்பது இருவரையும் காப்பாற்றும்.

அட்வான்ஸ் கொடுக்காமல் போனார். மூன்று நாள் கழித்து விற்பவரே அழைத்தார். புத்தகத்திலுள்ளவர் வவுனியாவில் இருக்கிறாராம், கையொப்பம் வைக்க வருகிறாராம். வரட்டும். வந்து பெயர் மாறிய பிறகு அந்த வண்டியில் பிள்ளை பாடசாலைக்கு வரட்டும்.