வாந்திபேதியும் கல்கத்தா மருத்துவரும்



பாக்கார் ஆராங் என்றால் மலாய் மொழியில் கரி சுடுதல் என்று பொருள். அந்தப் பக்கத்திலும் சுங்கைப் பட்டாணியைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் பால் மரம் வெட்டியவர்களில் பலர், சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறிப் பினாங்கு வந்தவர்கள்; அல்லது அவர்களுடைய பிள்ளைகள். வந்தவுடன் தோட்டத்துக்குப் போய்விட முடியாது. பினாங்குக்குக் கிழக்கே கடலில் இருக்கும் ஜெரெஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் தங்கவேண்டும். கப்பலில் யாருக்கேனும் அம்மையோ வாந்திபேதியோ கண்டிருக்குமோ என்பது அரசாங்கத்தின் பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. வாந்திபேதி என்னும் காலரா, காலையில் நன்றாக இருந்தவனைப் பொழுது சாய்வதற்குள் கொண்டுபோய்விடும். கண் குழி விழுந்து, விரல் தோல் சுருங்கி, நாடி ஒடுங்கிவிடும். கொள்ளைநோய் என்று நம் முன்னோர் பெயர் வைத்தது பொருத்தமே.

இந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்பதை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் உறுதி செய்தார். கால்புள்ளிபோல் வளைந்த கிருமி அது. நோயாளிகளின் குடலிலும், மக்கள் குடித்துக் குளித்த குளத்து நீரிலும் அதைக் கண்டார். கிருமி கிடைத்தது, ஆனால் அது மனிதனைக் கொல்லுவது எப்படி என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் 75 ஆண்டுகள் ஆயின.

ஏன் இத்தனை காலம்? எல்லாக் கிருமிகளும் ஒரே வழியில் நோய் செய்வதில்லை. டைபாய்டு கிருமி குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் புகுகிறது. வாந்திபேதிக் கிருமியோ குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறது. அது ஏதோ ஒரு நஞ்சை விடுகிறது என்று காக் அப்போதே ஊகித்தார். பின்வந்தவர்களில் பலர் அந்த நஞ்சை இரத்தத்தில் தேடினார்கள். கிருமியை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசியால் ஏற்றிப் பார்த்தார்கள். விலங்குகள் செத்தன, பேதியோ காணவில்லை. தேடிய இடம் தவறு, அவ்வளவுதான்.

சரியான இடத்தில் பார்த்தவர் வங்காளத்துக் கிராமம் ஒன்றில் 1915-இல் பிறந்த டாக்டர் சம்புநாத் தே. முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டிப் பைபோலாக்கி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் திறந்து பார்த்தால் பை நீர் நிரம்பிப் புடைத்திருந்தது! கிருமி இல்லாத பையில் நீர் சேரவில்லை. இது 1953-இல். பிறகு கிருமி வளர்ந்த சாற்றை வடிகட்டி, உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாத வெறும் சாற்றைச் செலுத்தினார். அப்போதும் நீர் சுரந்தது. நஞ்சு அந்தச் சாற்றில்தான் இருக்கிறது என்பது 1959-இல் இவ்வாறு தெளிவாயிற்று. நூலும் முயலும் கொண்டு செய்த சோதனை இது. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நஞ்சு செய்யும் வேலையைப் பிற்கால ஆராய்ச்சி விளக்கியது. லயத்துப் பைப்பைத் திறந்துவிட்டுத் திருகை உடைத்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குடல் சுவரின் நுண்ணறைகளுக்கும் அதுவே நேர்கிறது. அவை உப்பை ஓயாமல் குடலுக்குள் தள்ளுகின்றன. உப்பின் பின்னால் உடம்பின் நீரும் போகிறது. கடுமையாகக் கண்டவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர்கூடப் போய்விடும். குடல் புண்ணாவதில்லை, அழுகுவதில்லை. நீரும் உப்பும் வற்றியே மனிதன் இறக்கிறான்.

இதை அறியாத காலத்தில் நடந்ததைக் கேளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேல்நாட்டு மருத்துவர்கள் நோயாளியின் இரத்தத்தை வடித்தார்கள். பேதி மருந்தும் கொடுத்தார்கள். நம் வீடுகளிலோ, தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று தவித்த வாய்க்குத் தண்ணீர் மறுத்தார்கள். எல்லாம் அன்பினால் செய்ததுதான். இன்றும் குழந்தைக்குப் பேதியானால் தண்ணீர்ச் செம்பை எட்ட வைக்கும் பாட்டிமார் உண்டு.

தே அவர்களுக்கு உள்நாட்டில் பெரிய பட்டம் எதுவும் வரவில்லை. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் இவர் பெயரை அப்பரிசுக்குப் பரிந்துரைத்தார், கிடைக்கவில்லை. 1985-இல் காலமானார்.

நஞ்சு ஒரு வழியைத் திறந்துவிட்டாலும் குடலின் இன்னொரு வழியை அடைப்பதில்லை. சர்க்கரையோடு சேர்ந்து வரும் உப்பைக் குடல் அப்போதும் உறிஞ்சும். நீரும் கூடவே உள்ளே போகும். 1971-இல் வங்காளதேசப் போரின்போது எல்லையோரத்துப் பங்கான் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகலனோபிஸ் ஒரு லிட்டர் நீரில் 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்புக் கரைத்து, அதை நோயாளிகளுக்குப் புகட்டும்படி உறவினர்களிடமே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இந்த நீரைக் குடித்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு.

கிளினிக்கில் பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் அந்த நீரின் வழிவந்ததே. ஒரு பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு கொதித்து ஆறிய நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, வாந்தி எடுத்தாலும் சற்றுப் பொறுத்து மறுபடியும், கரண்டியால் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.