வீட்டுச் சேமிப்புக்கான வன்தட்டு

வன்தட்டு என்பது சுழலும் தட்டுகளின் மேலுள்ள மெல்லிய காந்தப் பூச்சில் தரவுகளைப் பதிந்து வைக்கும் கணினிச் சேமிப்புக் கருவியாகும். மின்சாரம் நின்ற பின்னரும் பதிந்தவை அழிவதில்லை. இதனை நிலைவட்டு என்றும், பேச்சு வழக்கில் ஹார்ட் டிஸ்க் என்றும் அழைப்பர். இயங்குதளத்தையும் மென்பொருட்களையும் வைத்திருக்கும் பணியை எஸ்.எஸ்.டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகங்கள் ஏற்றுக்கொண்டன. எனவே இன்று வீடுகளில் வன்தட்டின் வேலை பெரும்பாலும் நிழற்படங்கள், நிகழ்படங்கள், பழைய கோப்புகள் முதலியவற்றைக் காத்து வைப்பதே. இவற்றுட் பல மீண்டும் கிடைக்காதவை என்பதைக் கருத்திற் கொண்டே வன்தட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வரலாறு

முதல் வன்தட்டை ஐபிஎம் நிறுவனம் 1956 ஆம் ஆண்டு வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அக்கருவி 50 இலட்சம் எழுத்துகளைச் சேமித்தது. 1980 இல் வெளிவந்த சீகேட் எஸ்.டி-506, மேசைக் கணினிகளுக்கு ஏற்ற 5.25 அங்குல அளவில் 5 மெகாபைட்டு கொள்ளளவு உடையதாக இருந்தது. தற்போது மேசைக் கணினிகளில் 3.5 அங்குல வன்தட்டுகளும், கையடக்கப் பெட்டிகளில் 2.5 அங்குல வன்தட்டுகளும் பயன்படுகின்றன.

கொள்ளளவு

உற்பத்தியாளர்கள் 1 டெராபைட்டு என்பதை 1,000,000,000,000 பைட்டுகளாகக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் இயங்குதளமோ 1024 இன் மடங்குகளாகக் கணக்கிடுவதால் அதே வன்தட்டை 931 ஜிபி எனக் காட்டும். இதில் எதுவும் தொலையவில்லை, அளவுகோல்தான் வேறு. மாக் இயங்குதளம் 2009 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து பதின்ம முறைக்கு மாறியது. 2 டெராபைட்டுக்குச் சற்று மேற்பட்ட அளவை எட்டும் வன்தட்டுகளைப் பழைய எம்.பி.ஆர் முறையில் பிரிவினை செய்தால் எஞ்சிய இடம் பயன்படாமற் போகும். அவற்றுக்கு ஜி.பி.டி முறையே ஏற்றது.

பதிவு முறை

வாங்குவோர் பலர் கவனிக்காமல் விட்டுவிடும் பண்பு இதுவே. வழக்கமான சி.எம்.ஆர் முறையில் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் பக்கம் பக்கமாக அமைகின்றன. எஸ்.எம்.ஆர் முறையில், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் அடுக்கப்படுவது போல, ஒவ்வொரு தடமும் அடுத்ததன் ஓரத்தை மூடியிருக்கும். எழுதும் முனையை விடப் படிக்கும் முனை குறுகலானது. தடத்தின் வெளியே தெரியும் பகுதி மட்டுமே படிப்பதற்குப் போதும். இதனால் ஒரே தட்டில் கூடுதல் தரவு அடங்கும். ஆனால் நடுவிலுள்ள ஓர் ஓட்டை மாற்ற மேலிருப்பவற்றையும் எடுக்க வேண்டுமல்லவா? அதுபோலவே ஒரு தடத்தைத் திருத்தி எழுதினால், அந்தத் தொகுதியில் அதனைத் தொடரும் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும்.

இத்தாமதத்தை மறைப்பதற்காக வன்தட்டிலேயே ஒரு பகுதி தற்காலிகக் கிடங்காக ஒதுக்கப்பட்டிருக்கும். சில கோப்புகளை மட்டும் எழுதும்போது வேறுபாடு தெரியாது. பெருமளவு தரவைத் தொடர்ந்து எழுதி அக்கிடங்கு நிரம்பிய பின்னர் வேகம் வெகுவாகக் குறையும். ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கும் பயன்பாட்டுக்கு இம்முறை குறையுடையதன்று. குறை, அதனைச் சொல்லாமல் விற்றதே. வலையமைப்புச் சேமிப்பகங்களுக்கென விற்கப்பட்ட சில வன்தட்டுகளும் எஸ்.எம்.ஆர் வகையைச் சேர்ந்தவை என்பது 2020 ஏப்ரலில் வெளியானது. அதன் பின்னர் வெஸ்டர்ன் டிஜிட்டல் எந்த மாதிரி எந்த வகை எனப் பட்டியல் வெளியிட்டது. ரெயிட் அமைப்பில் பழுதான தட்டுக்கு மாற்றாகச் சேர்க்கப்படுவது நீண்ட நேரம் இடைவிடாது எழுதப்படும் என்பதால், அங்கு சி.எம்.ஆர் வகையே வேண்டும்.

வேகம்

நிமிடத்துக்கு 7200 சுற்றுகள் சுழலும் வன்தட்டில் வேண்டிய இடம் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக 4.2 மில்லிநொடி ஆகும். 5400 சுற்றுகளில் 5.6 மில்லிநொடி. திரைப்படம் பார்க்க இரண்டும் போதும். பெட்டியின் மேல் அச்சிடப்படும் நொடிக்கு 6 கிகாபிட்டு என்பது சாட்டா இணைப்பின் வேகமேயன்றி வன்தட்டின் வேகமன்று.

ஆயுட்காலமும் காப்பு நகலும்

பழுதுகளுக்கிடைச் சராசரிக் காலம் 10 இலட்சம் மணி நேரம் என்று குறிக்கப்பட்டிருந்தால், அந்த வன்தட்டு 114 ஆண்டுகள் உழைக்கும் என்பது பொருளன்று. ஆயிரம் வன்தட்டுகளை ஓராண்டு இயக்கினால் ஏறத்தாழ 9 பழுதடையலாம் என்பதே பொருள். அந்த ஒன்பதில் நம்முடையதும் ஒன்றாக இருக்கலாம்.

ஸ்மார்ட் என்னும் தன்னறிக்கை வசதி சில வேளைகளில் முன்னெச்சரிக்கை தரும். ஆயினும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007 இல் வெளியிட்ட ஆய்வில், பழுதடைந்தவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் குறிகளில் எதனையும் காட்டவில்லை. எனவே ஒரே பெரிய வன்தட்டை வாங்குவதைவிட, தேவைக்கேற்ற கொள்ளளவில் இரண்டு வாங்கி, ஒன்றில் காப்பு நகலெடுத்துக் கணினியிலிருந்து கழற்றி வைப்பது பாதுகாப்பானது. ரெயிட் காப்பு நகலாகாது. தவறுதலாக அழித்த கோப்பு அதிலுள்ள இரு தட்டுகளிலும் ஒரே நொடியில் அழியும்.

புதிய வன்தட்டில் தரவை ஏற்றும் முன்னர், முழுப் பரப்பிலும் ஒருமுறை எழுதிப் படித்துப் பார்ப்பது நல்லது. நொடிக்குச் சராசரியாக 150 மெகாபைட்டு வேகத்தில், 4 டெராபைட்டு வன்தட்டை முழுதும் எழுத ஏழரை மணி நேரமும், படித்துச் சரிபார்க்க மேலும் அவ்வளவு நேரமும் பிடிக்கும்.